பேஸ்மென்ட் மருமகனும் எங்கள் வீட்டு மாப்பிள்ளையும்

1

போன கிழமை மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஸஹ்ராவின் வகுப்பாசிரியை என்னைப் பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் இருத்திவிட்டு, "உங்கள் மகள் சரியான பகிடிக்காரி" என்றார். எந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போட்டால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரிகிறதாம். பெரியவர்களுக்கே அது லேசில் வராதாம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மூத்திரம் முட்டினால்கூடக் கேட்கத் தெரியாமல் நனைத்துக்கொண்டு நின்ற பிள்ளை இவள்தான் என்பதையும் நினைவுபடுத்தினார். பெருமையாகத்தான் சொன்னார்.

நான் நன்றி சொன்னேன். பிறகு இன்னொரு தரமும் சொன்னேன். நன்றி சொல்லத்தான் எனக்கு முதலில் இங்கிலிஷ் வந்தது.

என்ன பகிடி என்று கேட்காமல் எழும்பி வந்திருக்கலாம். கேட்டேன். வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறதாம், ஏதோ ஒரு தூரத்து நாட்டிலிருந்து. ஒரு சொல்லும் பேசாது. திங்கட்கிழமை காலையில் அது கதவைத் திறந்துகொண்டு வர, ஸஹ்ரா தலையைச் சரித்து அதைப் பார்த்து, "நீ இன்னும் இங்கேதானா?" என்றாளாம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். அந்தப் பிள்ளையும் சிரித்ததாம். அதற்கு என்ன விளங்கியிருக்கும்? எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அதுவும் சிரித்திருக்கும்.

அந்த ஒரு வசனம் எங்கள் குடும்பத்துக்கு என்ன செய்தது என்று ஆசிரியைக்குத் தெரியாது. எங்கள் ஊரான சாய்ந்தமருதில் கதை வேறுமாதிரி ஓடித் திரிகிறது என்று கேள்வி. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எழுதுவதாலும் ஏதாவது கெட்டுப்போகுமோ என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

2

நாங்கள் இருப்பது ரொறொன்ரோவில், ஒரு வீட்டின் பேஸ்மென்டில். அதாவது வீட்டுக்குக் கீழே, மண்ணுக்குள். ஜன்னல் நிலமட்டத்தில் இருக்கிறது. பனிக்காலத்தில் அதை மூடிக்கொண்டு பனி கிடக்கும். மேலே வீட்டுக்காரர்கள் கதிரை இழுப்பதும் சிரிப்பதும் எங்கள் தலைக்கு மேலே கேட்கும்.

பிள்ளைக்கு மொழி வரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். அந்தப் பெண் என்னை இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்தவர், "உங்களுக்கும் மொழி வேண்டும், தாயும் மகளும் சேர்ந்து தொலைக்காட்சி பாருங்கள்" என்றார். கார்ட்டூன் வேண்டாம், வீட்டில் ஆட்கள் எப்படிக் கதைக்கிறார்களோ அப்படிக் கதைக்கிற குடும்ப நாடகம் ஒன்றைப் பாருங்கள் என்றார். சொன்னால் செய்கிறவள் நான். பள்ளிக்காலத்திலும் அப்படித்தான்.

பிள்ளையோடு பார்க்கக்கூடிய சுத்தமான ஒன்றைத் தேடினேன். ஒன்றில் முத்தம் கொடுக்கிறார்கள். ஒன்றில் குடிக்கிறார்கள். ஒன்றில் ஒரே கட்டிலில் கிடக்கிறார்கள். கடைசியில் ஒரு நாடகம் கிடைத்தது. யாரும் யாரையும் தொடுவதே இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று அதையே பிடித்துக்கொண்டேன். பல பாகம் போன பிறகுதான் அவர்கள் ஏன் தொடுவதில்லை என்று எனக்கு விளங்கியது. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் யாரையும் பிடிக்காது.

ஒரு கிழவர், ஓய்வுபெற்ற பிளம்பர். அவருடைய மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மகளின் புருஷனுக்கு வேலை போய்விட்டது. அதனால் அவன் மாமனாரின் வீட்டு பேஸ்மென்டில் குடியிருக்கிறான். பசித்தால் படியேறி மேலே வருவான். அவன் தலை படியில் தெரிந்ததும் கிழவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ இன்னும் இங்கேதானா?" என்பார். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் முகம் தெரியாத ஆட்கள் சிரிப்பார்கள். அவன் ஒன்றும் பேசாமல் குளிர்ப்பெட்டியில் இருப்பதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவான். அதற்கும் சிரிப்பார்கள்.

"உம்மா, அவரும் எங்களப் போலக் கீழதான் இரிக்கார்" என்றாள் ஸஹ்ரா. தொலைக்காட்சியில் அவள் கண்ட ஒரே சொந்தக்காரன் அவன். இன்னொரு நாள், "இந்தச் சிரிக்கிற ஆக்கள் எங்க இரிக்காங்க? மேல் வீட்டிலயா?" என்று கேட்டாள்.

வசனங்கள் விளங்குவதற்கு முதலே அவளுக்கு எங்கே சிரிப்பது என்று விளங்கிவிட்டது. பிறகு வசனங்களும் வந்தன. எனக்கும் வந்தன. என் புருஷன் நௌபர் சாமான் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிவிட்டு வந்து எங்களுக்குப் பக்கத்தில் விழுந்து கிடப்பார். கல்முனையில் குளிரூட்டி திருத்துவதில் பேர்போனவர். இங்கே கனடிய அனுபவம் இல்லை என்று ஒருவரும் எடுக்கவில்லை. அவர் அந்த நாடகத்தில் சிரித்து நான் கண்டதே இல்லை. களைப்பு என்று நினைத்தேன்.

3

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் வாசித்தால் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பா கட்டி, பெண்ணின் பேரில் எழுதிக் கொடுப்பார். மாப்பிள்ளை வந்த நாளிலிருந்து முன் ஹோல் அவருக்கு. பெற்றவர்கள் பின்னால் சமைக்கிற குசினியோடு ஒட்டிய அறைக்குப் போய்விடுவார்கள். மாமி மாப்பிள்ளையின் கண்ணில் படாமல் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பா. சாப்பாட்டில் முதல் தட்டு, பெரிய மீன், எல்லாம் மாப்பிள்ளைக்கு. அவருக்கு இல்லாத மரியாதை இல்லை. வீடுதான் அவருடையது இல்லை.

என் வாப்பா மீன் வியாபாரத்தில் பாடுபட்டு ஒரு வீடுதான் கட்டினார். அது எனக்குக் கிடைத்தது. நௌபர் வந்தார், ஸஹ்ரா பிறந்தாள். நாங்கள் இங்கே வரும்போது அதைத் தங்கச்சி றிஸ்னாவின் பேருக்கு மாற்றிவிட்டோம். உம்மாவும் வாப்பாவும் அதே பின்னறையில் இருந்தார்கள். பிறகு றிஸ்னாவுக்கு மருதமுனையிலிருந்து மாப்பிள்ளை வந்தார். பேர் இர்பான். ஒலுவில் கம்பஸில் படித்து முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்துக்கொண்டிருப்பவர். அதுவரைக்கும் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு டியூசன் கொடுப்பார். அமைதியான ஆள். உம்மா போனில் ஒரு தரம் சொன்னா: "நல்ல மனிசன்தான்கா. ஆனா பகலெல்லாம் ஹோல்லயே இரிக்கார். கூட்டிப் பெருக்கவும் ஏலாம இரிக்கி."

சீலைக்குப் பின்னால் நின்று சொன்ன சொல். அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு விடிந்த கையோடு ஊருக்கு வீடியோ கோல் எடுப்போம். அங்கே அந்தியாகி, மஃரிப் தொழுதுவிட்டு எல்லோரும் ஹோலில் இருப்பார்கள். அந்த நேரத்தில் ஸஹ்ரா தமிழில் மட்டும்தான் கதைக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். தமிழ் போய்விடுமோ என்ற பயம். அவள் ஒரு சொல்லுக்கு முழித்தால் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பேன்.

அன்றைக்கு றிஸ்னா போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாப்பா கதவடியில் கதிரையில் இருந்தார். இர்பான் பெரிய செற்றியில், கையில் ஒரு துண்டு மஸ்கட் இனிப்பு.

"மகள், சாச்சாக்கிட்ட இங்கிலிஷ்ல கதைங்களன். நானும் பழகலாம்" என்றார்.

"இல்ல மச்சான், இண்டைக்குத் தமிழ்தான்" என்றேன் நான்.

ஸஹ்ரா அவரைப் பார்த்தாள். தலையைச் சரித்தாள். அந்த நாடகத்தில் கிழவர் விடுகிற அதே இடைவெளியை விட்டாள்.

"சாச்சா, நீங்க இன்னும் இங்கதானா?"

சீலைக்குப் பின்னால் ஒரு சத்தம், மூக்கால் வந்த சத்தம். உம்மா சிரித்துவிட்டா. அதைக் கேட்டு வாப்பா சிரித்தார். அதற்குப் பிறகு றிஸ்னா சிரித்த சிரிப்பில் போன் ஆடி, எனக்கு விசிறியும் சீலிங்கும்தான் தெரிந்தன. திரும்ப முகங்கள் தெரிந்தபோது இர்பானும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். வாய்க்குக் கொண்டுபோன மஸ்கட் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு விட்டிருந்தால் பிள்ளையின் கதை என்று போயிருக்கும். எனக்கு விடத் தெரியாது. ஒருவர் பிழையாக விளங்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று நினைத்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

"பிழையா எடுக்காதீங்க மச்சான். அது இங்க ரீவில போற நாடகம். அதுல ஒரு மருமகன் இரிக்கார். வேல இல்ல. பொஞ்சாதிர வாப்பாட வீட்டிலதான் சும்மா இரிக்கிற. அவர் வரக்குள்ள எல்லாம் மாமனார் இப்பிடிக் கேப்பார். அவ்வளவுதான். உங்களச் சொல்லல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதுக்கே கேட்டது.

இர்பான் மரியாதையாகக் கேட்டார்: "அதுக்கு மறுகா அந்த மருமகன் என்ன சொல்ற மதினி?"

கேட்டால் பதில் சொல்கிறவள் நான். "ஒண்டும் சொல்லமாட்டார். இரிக்கிற சாப்பாட்ட எடுத்துக்கிட்டுப் போயிருவார். ஆக்கள் சிரிப்பாங்க."

5

அடுத்த நாள் உம்மா எடுத்தா. இர்பான் மருதமுனைக்கு, தன் உம்மாவைப் பார்த்துவிட்டு வாறேன் என்று போனவராம்.

"பார்த்துட்டு வரட்டுமே உம்மா, பெத்த உம்மாதானே."

"பல்லுத் துலக்குற பிரஷ்ஷயும் எடுத்துக்கிட்டுப் போயிரிக்கார்கா!"

எங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். உடுப்பை எடுத்துக்கொண்டு போனால் கழுவப் போனார் என்று சொல்லிச் சமாளிக்கலாம். பிரஷ்ஷுக்கு என்ன சொல்வது?

"புள்ள ஒண்டுந் தெரியாமச் சொல்லிட்டு. சும்மா கிடந்த கதைய நீதான் விளங்கப்படுத்தின" என்றா உம்மா.

நாட்கள் போயின. வாப்பா மருதமுனைக்குப் போய்வந்தார். டீ கொடுத்து நல்லபடியாகத்தான் அனுப்பினார்களாம். ஒரு சொல் மட்டும் சொல்லி அனுப்பினார்களாம்: றிஸ்னாவை இங்கே வந்து இருக்கச் சொல்லுங்கள். மாமியார் வீட்டில் போய் இருப்பதா? வீடு இல்லாத பெண்ணுக்குத்தான் எங்கள் பக்கத்தில் அந்த நிலைமை. றிஸ்னா கேற்றடிக்குப் போவதை விட்டுவிட்டாள். முன்வீட்டுப் பெண்கள், "மாப்பிள்ளையக் காணல்ல, நியமனம் கிடைச்சிட்டா?" என்று மதிலுக்கு மேலால் கேட்கிறார்களாம். கிடைக்கவில்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான்.

அவள் எனக்குத் தனியாக எடுத்து அழுதாள்.

"அவர் ஸஹ்ராக்கு ரோசப்படல்ல ராத்தா. உங்களுக்கும் ரோசப்படல்ல. நீயும் சிரிச்சியே எண்டுதான் கேட்ட. அந்த ஒண்டத்தான் திருப்பித் திருப்பிக் கேட்ட."

"நீ ஏன்டி சிரிச்ச?"

"எல்லாரும் சிரிச்ச. நானும் சிரிச்ச."

மூத்த மருமகன் கதைத்தால் இளைய மருமகன் கேட்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். நௌபரிடம் சொன்னேன். அவர் தரையில் இருந்து பாதத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமல் சிரித்தார்.

"நான் என்னத்தக் கதைக்கிற? உங்கட மகள் கேட்டதில என்ன பிழ? உங்கட வாப்பா எனக்கிட்டயும் கேட்டவர்தானே."

"வாப்பாவா? உங்களயா? அல்லாக்காக, வாப்பா உங்கள ஒரு சொல் சொல்லியிரிக்காரா?"

"சொல்லல்ல. இருமினார்."

வாப்பா பின்னறையிலிருந்து ஹோலுக்கு வரும்போது கதவடியில் நின்று இருமுவார். உண்மைதான். மாப்பிள்ளை உடுப்பு மாற்றிக்கொண்டிருப்பார், மனைவியோடு கதைத்துக்கொண்டிருப்பார், திடீரென்று போய் நிற்கக் கூடாது என்ற மரியாதை அது. அப்படித்தான் நான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். வாப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

"அந்த இருமலக் கேட்டா நான் கால மடக்குவன். செற்றியில சாஞ்சி இரிந்தா நிமிந்து இரிப்பன். அந்த வீட்டில இரிந்த காலமெல்லாம் நான் கால நீட்டி இரிந்ததில்ல. நீங்க அதக் காணல்ல."

நான் காணவில்லை. எங்கள் கலியாணம் முடிந்து இத்தனை காலத்தில் இவர் இதைச் சொன்னதும் இல்லை. இங்கே, இந்த பேஸ்மென்டில், அவர் எங்கே வேண்டுமானாலும் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறார். நான்தான் அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறேன்.

ஆனாலும் கதைத்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார். முதல் நாள் சத்தமே கேட்கவில்லை. அடுத்த நாள் சிரிப்பு கேட்டது. பிறகு ஒவ்வொரு நாளும் சிரிப்பு. இவரின் சிரிப்பும், போனுக்குள்ளிருந்து இர்பானின் சிரிப்பும். நான் வெளியே நின்று துஆக் கேட்டேன். சிரிக்கிறார்கள், அல்லாஹ் ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று நினைத்தேன்.

"என்ன சொல்லிச் சமாதானப்படுத்தின?" என்று கேட்டதற்கு, "ஒண்டும் சொல்லல்ல, அந்த நாடகத்த அனுப்பினன்" என்றார். "முதல்ல இருந்து பாக்கச் சொன்னன். நல்ல பாடம் இரிக்கி எண்டு சொன்னன்."

6

இர்பான் திரும்பி வந்தார், பிரஷ்ஷோடு. உம்மா கோழி அறுத்தா. றிஸ்னா வாசலில் நின்று எல்லோருக்கும் தெரியும்படி வரவேற்றாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் போனுக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு இருந்தோம். பெருநாள் போல இருந்தது. இர்பான் செற்றியில் சாய்ந்து, முன்னால் இருந்த ஸ்டூலில் காலைப் போட்டிருந்தார்.

கதவடியில் வாப்பா இருமினார்.

இர்பான் தலையைத் திருப்பவில்லை. கையிலிருந்த பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

"மாமா, நீங்க இன்னும் இங்கதானா?"

இந்த முறை முதலில் சிரித்தவள் றிஸ்னா. அவள் சிரிக்கக் காத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் பட்டது. பிறகு எனக்குப் பக்கத்தில் நௌபர். அந்த நாடகத்தைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காத மனிதன் துடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். ஸஹ்ரா கை தட்டினாள். கொஞ்சம் பிந்தி, சீலைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் சிரிப்பும் வந்தது. சத்தம் அளவாக இருந்தது.

வாப்பாவும் சிரித்தார். மகளின் வாழ்க்கை திரும்பக் கிடைத்திருக்கிறது, சிரிக்காமல் என்ன செய்வார்?

வீடு றிஸ்னாவின் பேரில். கட்டியவர் வாப்பா. ஆனால் கேட்டவரின் கேள்வி சரிதான். அந்த வீட்டில் இன்னும் போகாமல் இருக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், பின்னறையில் இருக்கிற இரண்டு பேரும்தான். இத்தனை காலமாக யாரும் அதை வாயால் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறும் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறும். கிழமை நாட்களிலும் கேட்பதாக றிஸ்னா சொன்னாள். "பகிடிக்குத்தான் ராத்தா. வாப்பாக்கும் விருப்பம்." அவளின் குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. புருஷன் கேற்றுக்கு உள்ளே இருக்கிறார், அவர் சொல்வதற்குச் சிரித்தால் உள்ளேயே இருப்பார். அதை நான் பிழை சொல்ல முடியாது. நான் அவளிடத்தில் இருந்தாலும் சிரிப்பேன். சிரித்திருக்கிறேனோ என்னவோ.

பிறகு வாப்பா இருமாமல் வரத் தொடங்கினார். பிறகு ஹோலுக்கு வருவதையே விட்டுவிட்டார். எங்கே என்று கேட்டால், "பின்னுக்குக் காத்து நல்லமாம்" என்றா உம்மா. பின்னால் இருப்பது குசினிச் சுவர்.

7

இதை எழுதத் தொடங்கிய பிறகு வாப்பா தானாகவே எனக்கு எடுத்தார். வழக்கத்தில் அவர் எடுப்பதில்லை. உம்மாவின் போனிலிருந்து, பின்னறைக் கட்டிலில் இருந்துகொண்டு. முகத்துக்கு மிகக் கிட்டப் பிடித்திருந்ததால் எனக்கு அவருடைய தாடியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன.

"சுகமா மகள்? குளிரா?"

"குளிர்தான் வாப்பா. நீங்க சாப்பிட்டயா?"

"ஓம், ஓம்." போனைக் கை மாற்றிப் பிடித்தார். "மகள், அந்த நாடகம் முழுக்கப் பார்த்தாச்சா?"

"எந்த நாடகம் வாப்பா?"

"அதான், மாப்பிள்ளை பார்க்கிற நாடகம். அதுல அந்த மாமனாருக்குக் கடைசில என்ன நடக்கிற?"

நானும் ஸஹ்ராவும் அதைப் பார்த்து முடித்துவிட்டோம். கடைசிப் பாகத்தில் கிழவர் விழுந்து இடுப்பு முறிந்துவிடும். எல்லோரும் சேர்ந்து அவரைக் கீழே பேஸ்மென்டுக்கு மாற்றுவார்கள். மருமகன் மேலே அவருடைய கதிரையில் இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருப்பான். கிழவர் ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து ஏறி வருவார். அவருடைய தலை தெரிந்ததும் மருமகன் அந்த வசனத்தைச் சொல்வான். நாடகம் முழுவதிலும் அவ்வளவு நேரம் ஆட்கள் சிரித்ததில்லை. எழும்பி நின்று கை தட்டினார்கள்.

என்னை ஒருவர் கேட்டு நான் விளங்கப்படுத்தாமல் விட்டது அதுதான் முதல் தரம்.

"அது இன்னும் முடியல்ல வாப்பா" என்றேன்.

"அப்பிடியா? பெரிய நாடகம் போல" என்றார்.

செற்றியில் கிடந்த ஸஹ்ரா எழும்பி ஓடிவந்தாள். அவளுக்கு முடிவு மனப்பாடம். போனில் மூத்தாப்பாவின் முகத்தைக் கண்டதும் தலையைச் சரித்தாள், அந்த இடைவெளியை விட்டாள், வாயைத் திறந்தாள். நான் எட்டி அவளின் வாயைப் பொத்தினேன். வாப்பா போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்து, "புள்ள என்னவோ சொல்ல வாறாப் போல, விடன், சொல்லட்டும்" என்றார். என் உள்ளங்கைக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.